போர்தோ ஒயின்: விலையைக் குறைத்தும் ஏன் வாங்க ஆளில்லை?

2024 வசந்த காலத்தில், பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள பெயர்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் முந்தைய ஆண்டு அறுவடையில் செய்த ஒயினுக்கு விலை அறிவித்தன. ஷத்தோ லாஃபிட் ரோத்ஷீல்ட் சென்ற ஆண்டின் விலையிலிருந்து ஏறத்தாழ 30 சதவீதத்தைக் குறைத்தது. ஷத்தோ முத்தோன் ரோத்ஷீல்ட் அதைவிடக் கூடுதலாக, லேயோவில் லாஸ் காஸ் ஏறத்தாழ 40 சதவீதம். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் சில மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு வந்தன. ஆனாலும் விற்பனை சூடுபிடிக்கவில்லை. 2025ல் மறுபடி குறைத்தார்கள், அப்போதும் மந்தம்தான்.

விலை இறங்கினால் வாங்குபவர் கூட்டம் ஏற வேண்டும் என்பது சந்தையின் பாலபாடம். இங்கே அது ஏன் பொய்த்தது என்று புரிந்துகொள்ள, இந்த வியாபாரத்தில் எது எப்போது யாரால் விற்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பீப்பாயில் இருக்கும்போதே விற்பனை

செப்டம்பர், அக்டோபரில் திராட்சை பறிக்கிறார்கள். சாறு நொதித்து ஒயினானதும் ஓக் மரப்பீப்பாய்களுக்குப் போகிறது. ஒரு பீப்பாய் 225 லிட்டர். அதாவது 300 பாட்டில். அங்கே ஒன்றரை ஆண்டு வரை முதிர்ந்த பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள்.

விற்பனை அதுவரை பொறுத்திருப்பதில்லை. அறுவடைக்கு அடுத்த ஏப்ரலில் விமர்சகர்களும் வியாபாரிகளும் போர்தோவில் கூடுகிறார்கள். ஆறு மாதக் குழந்தையான ஒயினைப் பீப்பாய் மாதிரியில் சுவைத்து மதிப்பெண் போடுகிறார்கள். பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொரு தோட்டமும் தன் விலையை வெளியிடும். வாங்குபவர் அப்போதே பணம் கட்ட வேண்டும். பாட்டில் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். இந்த முன்விற்பனைக்கு 'ஆன் ப்ரிமர்' என்று பெயர்.

பூ விட்டவுடனேயே மாந்தோப்பைக் குத்தகை பேசும் வியாபாரிக்கு இது புதிதாகத் தெரியாது. முன்பணம் கொடுப்பவர் ஓர் ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார், அதற்கு ஈடாக விலையில் சலுகை கேட்கிறார். ஒரு பெரிய வேறுபாடு உண்டு: மாம்பழம் அந்தப் பருவத்தோடு தீர்ந்துபோகும். நல்ல போர்தோ ஒயினோ முப்பது நாற்பது ஆண்டு தாங்கும். ஆகவே போன வருடச் சரக்கும் பத்து வருடத்துக்கு முந்தைய சரக்கும் புதுச் சரக்கோடு ஒரே பட்டியலில் நின்று போட்டி போடுகின்றன. இன்றைய சிக்கலின் வேர் இதுதான்.

கைமாறும் வழி

தோட்டக்காரர் நேராக உங்களிடம் விற்பதில்லை. நடுவில் 'லா ப்ளாஸ் து போர்தோ' என்று அழைக்கப்படும், பல நூற்றாண்டு பழைய வணிக வலை இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டடமோ ஏல மேடையோ கிடையாது.

1. தோட்டம், அதாவது ஷத்தோ. ஒயினைச் செய்து விலையை வைக்கிறது.

2. தரகர், பிரெஞ்சில் கூர்த்தியே. தோட்டத்துக்கும் வியாபாரிக்கும் இடையே பேசி முடிப்பவர். வழக்கமான தரகு 2 சதவீதம்.

3. மொத்த வியாபாரி, பிரெஞ்சில் நெகோசியான். போர்தோவில் இப்படி ஏறத்தாழ 300 நிறுவனங்கள் உள்ளன. வாங்கிய விலைமேல் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை வைத்து உலகெங்கும் விற்கிறார்கள்.

4. லண்டன், ஹாங்காங், நியூயார்க் இறக்குமதியாளர்கள். அவர்களுக்குப் பின் கடைகள், சேகரிப்பாளர்கள்.

செய்திகளில் அடிபடும் 'வெளியீட்டு விலை' பெரும்பாலும் மூன்றாமவர் நான்காமவருக்கு விற்கும் விலை. தோட்டத்தின் கைக்குப் போவது அதைவிடக் குறைவு.

இந்த வலையின் உண்மையான கயிறு விலையில் இல்லை, ஒதுக்கீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டமும் எந்த வியாபாரிக்கு எத்தனை பெட்டி என்று தீர்மானித்து வைத்திருக்கிறது. இந்த ஆண்டு மழை கெடுத்த ஒயின், விலையும் கூடுதல், வேண்டாம் என்று வியாபாரி மறுத்தால், அடுத்த நல்ல ஆண்டில் அவர் பங்கு இன்னொருவருக்குப் போய்விடலாம். அதனால் விற்காது என்று தெரிந்தும் வாங்கி வைப்பார்கள். தோட்டம் 'எல்லாம் விற்றுத் தீர்ந்தது' என்று சொல்லும். சரக்கு வியாபாரியின் கிடங்கில் தூங்கும். குடிப்பவர் எவருமே வாங்காத ஒயினும் விற்றதாகக் கணக்கில் ஏறிவிடும். தோட்டக்காரர்கள் சந்தையின் நாடியைத் தவறாகப் பிடித்ததற்கு, என் பார்வையில், இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

விலைதான் தரத்தை வகுத்தது

1855ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் போர்தோ ஒயின்களைத் தரவரிசைப்படுத்தச் சொன்னார். பட்டியலைத் தயாரித்தவர்கள் தரகர்கள். அவர்கள் பார்த்தது பல ஆண்டுகளாக எந்த ஒயின் என்ன விலைக்குப் போயிற்று என்பதை. அப்படித்தான் லாஃபிட், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன் ஆகிய நான்கும் முதல் வரிசையில் உட்கார்ந்தன. அதன் பின் அந்த வரிசையில் நடந்த ஒரே மாற்றம் 1973ல்: அப்போதைய வேளாண் அமைச்சர் ழாக் சிராக் கையெழுத்தில் முத்தோன் ரோத்ஷீல்ட் ஐந்தாவதாகச் சேர்ந்தது.

இன்றும் ஒரு தோட்டக்காரர் விலை குறைக்கத் தயங்குவதற்கு இந்த வரலாறு ஒரு காரணம். பக்கத்துத் தோட்டத்தைவிடக் குறைந்த விலை சொல்வது, தன் ஒயின் அதைவிடக் கீழ் என்று தானே ஒப்புக்கொள்வது போலாகிவிடுகிறது. முதலில் யார் அறிவிப்பது, எத்தனை நாள் பொறுப்பது என்று ஒவ்வொரு ஜூனிலும் நடக்கும் கண்கட்டு ஆட்டத்துக்குப் பின்னால் இருப்பது லாபக் கணக்கு மட்டும் இல்லை, மானமும்தான்.

1980களில் இதோடு மதிப்பெண் சேர்ந்தது. 1982 அறுவடையைப் பலர் சந்தேகத்தோடு பார்த்தபோது, அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதைத் தயங்காமல் தூக்கிப் பிடித்தார். அவர் சொன்னது பலித்தது. அவரை நம்பி முன்கூட்டியே வாங்கியவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். அதன் பின் அவருடைய 100 புள்ளி அளவுகோல் விலைக்கே அளவுகோலானது. அவர் 2015ல் போர்தோ முன்சுவைப்பை மற்றவரிடம் ஒப்படைத்த பிறகு, அந்த இடத்தைத் தனியாக நிரப்ப எவரும் வரவில்லை. இப்போது பத்து விமர்சகர்கள் பத்து விதமாக 95, 97, 98 என்று போடுகிறார்கள். எல்லாமே உயர்ந்த மதிப்பெண் என்றால் எதை வைத்துத் தேர்வது?

புதிய ஒயினின் நியாயமான விலை: ஒரு கணக்கு

ஒரே தோட்டத்தின் இரண்டு ஒயின்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை.

1. பத்தாண்டுக்கு முந்தைய நல்ல அறுவடை, இன்று கடையில் 100 யூரோ. இன்றிரவே திறந்து குடிக்கலாம்.

2. அதே தரம் என்று சொல்லப்படும் புதிய அறுவடை, இன்னும் பீப்பாயில். கைக்கு வர இரண்டு ஆண்டு. பக்குவப்பட மேலும் எட்டு பத்து ஆண்டு.

இரண்டாவதை வாங்க எவரையாவது சம்மதிக்க வைக்க வேண்டுமானால் அது முதலாவதைவிடத் தெளிவாக மலிவாக இருக்க வேண்டும். பணம் முடங்கும் செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால், அந்தக் காத்திருப்பில் முதல் மூன்று ஆண்டுக்கு மட்டும் கணக்கிட்டாலே 86 யூரோவுக்குக் கீழே வந்தால்தான் சரிப்படும். கிடங்கு வாடகை, காப்பீடு, பாட்டிலில் அடைத்த பின் ஒயின் எதிர்பார்த்தபடி இராமல் போகும் ஆபத்து எல்லாம் சேர்த்தால் 75, 80 யூரோ என்பதே பொருத்தமான விலை.

இப்போது அதே தோட்டம் 110 யூரோ என்று அறிவித்தால்? வாங்குபவர் சிரித்துவிட்டுப் பழைய ஒயினை வாங்கிக்கொண்டு போவார்.

ஏறத்தாழ இதுதான் 2022 அறுவடைக்கு நடந்தது. வெயிலும் வறட்சியும் மிகுந்த ஆண்டு. ஆனாலும் ஒயின் அருமையாக வந்தது, மதிப்பெண்களும் கொட்டின. அதை நம்பி 2023ல் பல தோட்டங்கள் விலையை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உயர்த்தின. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2016, 2019 போன்ற நல்ல ஆண்டுகளின் ஒயின்கள் பல, பாட்டிலில் தயாராக, அதைவிட மலிவாகச் சந்தையில் கிடைத்தன.

லாஃபிட்டும் எட்டாம் எண்ணும்

ஆசை விலையை மீறுவது போர்தோவில் முன்பும் நடந்ததுதான். 1972ல் தரமில்லாத அறுவடையை உச்ச விலைக்கு விற்றார்கள். எண்ணெய் நெருக்கடியோடு 1973, 74ல் சந்தை சரிந்து வியாபாரிகள் பலர் நொடித்தார்கள். சுமாரான 1997 அறுவடையும் மிகை விலையில் வெளியாகி, ஆசிய நிதி நெருக்கடியில் மாட்டிக்கொண்டது.

ஆனால் இன்றைய நிலையை விளக்க உதவுவது சீன அலை. ஹாங்காங் அரசு ஒயின் மீதான வரியை 2007ல் 80லிருந்து 40 சதவீதமாக்கி, 2008 பிப்ரவரியில் அடியோடு நீக்கியது. ஆசியாவின் ஒயின் ஏலங்கள் அங்கே குவிந்தன. சீனப் பெருநிலத்தின் புதுப்பணக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பரிசுக்கும் லாஃபிட் என்ற ஒற்றைப் பெயர் முத்திரையாகிவிட்டது. 2008 அறுவடை, உலக நிதி நெருக்கடிக்கு நடுவே 2009 வசந்தத்தில் அடக்கமான விலைக்கு வெளியானது. அடுத்த ஆண்டு, பாட்டிலில் சீன எழுத்தில் 'எட்டு' பொறிக்கப்படும் என்று லாஃபிட் அறிவித்தது. சீனர்களுக்கு எட்டு அதிர்ஷ்ட எண். ஒயினின் விலை பல மடங்கு ஏறியது. அந்தத் தோட்டத்தின் இரண்டாம் தர ஒயினான கர்ருவாத் கூட, தகுதிக்கு மீறிய விலைக்குப் போனது.

2009, 2010 இரண்டும் அசல் சிறந்த அறுவடைகள். தோட்டங்கள் அந்த உச்ச விலையையே இனி நிரந்தரம் என்று எண்ணி அவற்றுக்கு விலை வைத்தன. 2011 நடுவில் சந்தை திரும்பியது. 2012 இறுதியில் ஷி ஜின்பிங் ஆட்சி ஊழல் ஒழிப்பைக் கையிலெடுத்ததும் பரிசு ஒயினுக்கான தேவை வற்றியது. அந்த இரண்டு ஆண்டுகளில் முன்பணம் கட்டிய பலர் போட்ட காசைத் திரும்பப் பார்க்கவே நெடுங்காலம் ஆயிற்று. 'ஆன் ப்ரிமர் என்றால் லாபம்' என்ற நம்பிக்கை விழுந்த இடம் அதுதான். அது இன்னும் முழுதாக எழவில்லை.

2019 விற்றது, 2023 விற்கவில்லை: ஏன்?

விலையைக் குறைத்தால் போதும் என்று சொல்பவர்கள் 2019 அறுவடையை உதாரணம் காட்டுவார்கள். 2020 கோடையில், ஊரடங்குக்கு நடுவே, விமர்சகர்கள் போர்தோவுக்கு வரவே முடியாத நிலையில், ஷத்தோ போன்தே-கானே ஏறத்தாழ 30 சதவீதக் குறைப்போடு முதலில் களமிறங்கியது. மற்றவை பின்தொடர்ந்தன. ஒயின் விற்றுத் தீர்ந்தது. நான்கு ஆண்டு கழித்து அதே அளவு குறைப்புக்கு அதே பலன் ஏன் கிடைக்கவில்லை?

1. பணத்தின் விலை. 2020ல் ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.5 சதவீதம். 2023 செப்டம்பரில் 4 சதவீதம். நெகோசியான் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் சரக்கு எடுக்கிறார். 10 லட்சம் யூரோ சரக்குக்கு 1 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 10,000. 5 சதவீதம் என்றால் 50,000. மூன்று ஆண்டு விற்காமல் கிடந்தால், கூட்டு வட்டியில் ஏறத்தாழ 16 சதவீதம். அவருடைய மொத்த லாப விகிதமே பத்திலிருந்து பதினைந்து என்று மேலே பார்த்தோம். விற்காத ஒயினைச் சும்மா வைத்திருப்பதே நட்டம் என்றாகிவிட்டது. வேண்டாத ஒதுக்கீட்டையும் வாங்கி வைக்கும் பழைய ஏற்பாடு வட்டி மலிவாக இருந்தவரைக்கும்தான் ஓடியது.

2. சந்தையின் திசை. லண்டனில் 2000ல் தொடங்கிய லிவ்-எக்ஸ் என்ற ஒயின் பரிமாற்றச் சந்தையின் குறியீடுகள் 2022 இலையுதிர் காலத்தில் உச்சம் தொட்டு, அதன் பின் ஆண்டுக்கணக்கில் இறங்கின. 2020ல் குறைந்த விலைக்கு வாங்கியவர் எதிரே ஏறுமுகம் இருந்தது. 2024ல் வாங்குபவர், இன்று 30 சதவீதம் குறைந்தது நாளை இன்னும் குறையாது என்று எப்படி நம்புவார்? குடிப்பதற்கு வாங்கும் பொருளுக்கு விலைக்குறைப்பு அழைப்பு. சேமிப்பாக வாங்கும் பொருளுக்கு அதுவே எச்சரிக்கை மணி.

3. பழைய சரக்கின் மதிப்பு. 2023 ஒயினை லாஃபிட் மலிவாக வெளியிட்ட நொடியில், 2022 ஒயினை அதிக விலைக்கு வாங்கியவரின் கையிருப்பும் மலிவாகிவிடுகிறது. அந்த நட்டக்காரரும் 2023 ஒயினை வாங்க வேண்டியவரும் ஒரே ஆள்! சென்ற ஆண்டு சூடுபட்டவரிடமே இந்த ஆண்டும் பணம் கேட்டு நிற்கிறார்கள்.

4. வெளித் தேவை. சீனம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவில் 2019 அக்டோபரில் ஏர்பஸ் விமான நிறுவனத்துக்கான மானியத் தகராறின் பெயரில் பிரெஞ்சு ஒயின்கள் மீது 25 சதவீத வரி வந்து, 2021ல் நிறுத்திவைக்கப்பட்டது. 2025ல் மீண்டும் வரி வந்தது: மார்ச்சில் 200 சதவீதம் என்ற மிரட்டல், பிறகு 10, ஆகஸ்டில் 15. இரண்டு ஆண்டு கழித்து வந்திறங்கும் சரக்குக்கு இன்று பணம் கட்டும் இறக்குமதியாளர், அன்றைய வரி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கவே முடியாது. முன்விற்பனையை இந்த நிச்சயமின்மை வரியின் அளவைவிடக் கூடுதலாகப் பாதிக்கிறது.

2024 அறுவடை ஒரு வினோதமான சோதனை. ஓயாத மழை, பூஞ்சை நோய். போர்தோவின் மொத்த விளைச்சல் 1991க்குப் பின் காணாத அளவுக்குச் சுருங்கியது. வரத்து குறைந்தால் விலை ஏற வேண்டுமே? இறங்கியது. கிடங்குகளில் ஏற்கெனவே பல ஆண்டுச் சரக்கு நிரம்பியிருக்கும்போது ஓராண்டு விளைச்சல் குறைவது பற்றாக்குறையாகாது.

வேறு வழி தேடியவர்கள்

2012லேயே இந்த ஆட்டத்திலிருந்து விலகியது ஷத்தோ லத்தூர். 2011 அறுவடையே அதன் கடைசி முன்விற்பனை. இப்போது ஒயினைத் தன் கிடங்கிலேயே முதிரவைத்து, குடிக்கத் தயாராகும்போது வெளியிடுகிறது. ஆபத்தும் காத்திருப்பும் லாபமும் மூன்றுமே தோட்டத்தின் கையில். ஆனால் அதன் உரிமையாளர் பினோ குடும்பம். குச்சி, சான் லோரான் போன்ற ஆடம்பர நிறுவனங்களின் பின்னே இருக்கும் பணம். பல ஆண்டு வருமானத்தைத் தள்ளிப்போட எல்லோருக்கும் முடியாது. மற்றவர்களில் பலர் பாதி வழியைத் தேர்ந்தார்கள்: விளைச்சலில் ஒரு பகுதியை மட்டும் முன்விற்பனைக்கு விட்டு, மீதியைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். வாங்குபவருக்கு வெளியே வராத சரக்கு எவ்வளவு என்று தெரியாது. தட்டுப்பாடு என்று சொல்லும்போது நம்புவதா என்றும் தெரியாது.

வியாபாரிகளும் போர்தோவை மட்டும் நம்பியிருப்பதை விட்டுவருகிறார்கள். 1998ல் சிலியின் அல்மாவிவா அதே வலைவழியாக விற்பனைக்கு வந்தது. இப்போது கலிஃபோர்னியா, இத்தாலி ஒயின்கள் பலவற்றுக்குச் செப்டம்பரில் தனி வெளியீடே நடக்கிறது. அந்த ஒயின்கள் பாட்டிலில் வருகின்றன, உடனே கையில் கிடைக்கின்றன. தோட்டக்காரர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

குழப்பிக்கொள்ள வேண்டாத இரண்டு

பர்கண்டி: பிரான்சின் மற்றொரு உச்ச ஒயின் பகுதி, ஆனால் கணக்கு வேறு. லாஃபிட் தோட்டம் நூறு ஹெக்டேருக்கு மேல். பர்கண்டியின் ரொமானே-கோந்தி 1.8 ஹெக்டேர்தான். ஏறத்தாழ 50 ஹெக்டேர் க்ளோ த வூஜோவுக்கு எண்பது பேர் அளவில் உரிமையாளர்கள். நெகோசியான் வலை வழியே உலகெங்கும் கொட்டி விற்க அங்கே சரக்கே இல்லை. வெளியீட்டு விலையைவிட மறுவிற்பனை விலை பல மடங்கு இருப்பது வழக்கம். 1945ஆம் ஆண்டு ரொமானே-கோந்தி ஒரு பாட்டில் 2018 அக்டோபரில் நியூயார்க்கில் 5,58,000 டாலருக்கு ஏலம் போனது. 2022க்குப் பின் அங்கேயும் விலை இறங்கியது என்றாலும், வாங்க ஆளில்லாத நிலை வரவில்லை.

சாதாரண போர்தோ: முன்விற்பனைக்கு வருவது சில நூறு தோட்டங்களின் ஒயின்தான், பகுதியின் மொத்த உற்பத்தியில் சிறு துண்டு. மீதியைச் செய்யும் ஆயிரக்கணக்கான விவசாயிகளின் கதை இதைவிட மோசம். 1960களில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இப்போது அதில் பாதிகூட இல்லை. 2023ல் ஹெக்டேருக்கு 6,000 யூரோ இழப்பீடு கொடுத்துத் திராட்சைக் கொடிகளைப் பிடுங்க வைக்கும் திட்டமே வந்தது. லாஃபிட் விலைக்குறைப்புச் செய்தியும் கொடி பிடுங்கும் செய்தியும் ஒரே பக்கத்தில் வரும்போது, இரண்டும் ஒரே நோய் என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றில் விலை மிகை. மற்றதில் விளைச்சல் மிகை.

அடுத்த வெளியீட்டுச் செய்தியைப் படிக்கும்போது

'30 சதவீதம் குறைப்பு' என்று தலைப்பு வந்தால், எதோடு ஒப்பிட்டுக் குறைப்பு என்று பாருங்கள். பெரும்பாலும் முந்தைய ஆண்டின் வெளியீட்டு விலையோடுதான் ஒப்பிட்டிருப்பார்கள், அந்த விலையே மிகையாக இருந்திருக்கலாம். பார்க்க வேண்டியது அதே தோட்டத்தின் 2014, 2016, 2019 பாட்டில்கள் இன்று என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்பதை. புதியது அவை எல்லாவற்றையும்விட மலிவாக இருந்தால் வெளியீடு ஓடும்.

இரண்டாவதாக, தோட்டம் எத்தனை பெட்டிகளை வெளியே விட்டது என்பது. 'விற்றுத் தீர்ந்தது' என்ற சொல்லுக்கு, எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் பொருளில்லை. இறக்குமதியாளரிடமிருந்து சேகரிப்பாளர் வரை போனதா, போர்தோவிலேயே ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாறியதா?

இத்தனைக்கும் பிறகும் முன்விற்பனையில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை லிட்டர் மேக்னம் போன்ற பெரிய பாட்டில்களில் அடைத்துத் தரச் சொல்லிக் கேட்க இதுவே சமயம். ஒயின் தோட்டத்திலிருந்து வழக்கமான வியாபாரிகள் வழியே, இடையில் வேறு சேகரிப்பாளர் கைக்குப் போகாமல் வந்தது என்ற உறுதியும் கிடைக்கும். போலிகள் உலவும் இந்தச் சந்தையில் அதற்கு மதிப்பு உண்டு. போர்தோவுக்குள் ஒரு வட்டாரமான போமெரோலின் குட்டித் தோட்டங்கள் சிலவற்றின் ஒயின் பின்னால் தேடினாலும் எளிதில் அகப்படாது. லாஃபிட் போன்றவை இருக்கும் மேதோக் வட்டாரத்தின் பெரிய தோட்டங்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் பொருந்துவதில்லை: ஆண்டுக்கு ஒரு லட்சம் பாட்டிலுக்கு மேல் செய்யும் தோட்டத்தின் ஒயினை மூன்று ஆண்டு கழித்தும் நிதானமாக வாங்கலாம், பல வேளை இன்றைய விலைக்கே.